ஷெல் கட்டளைக்கு மாற்று தேடும்போது

(கணினி மாணவர்களும் நிர்வாகிகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2001ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் டென்னுக்கான ஐடியூன்ஸ் 2.0 மென்பொருளை வெளியிட்டது; வெளியிட்ட வேகத்திலேயே திரும்பப் பெற்றது. பழைய ஐடியூன்ஸை அழித்துவிட்டுப் புதியதை வைப்பதற்காக நிறுவும் பொதியில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. வட்டின் பெயரை ஒரு மாறியில் வாங்கி, அதன் பின்னால் ஐடியூன்ஸ் இருக்கும் இடத்தை ஒட்டி, ஆர்எம் கட்டளையிடம் கொடுத்தது அந்த ஸ்கிரிப்ட். மாறியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. வட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் அதை இரண்டாக வெட்டிவிடும். வெட்டியதில் முதல் துண்டு இன்னொரு வட்டின் பெயராக அமைந்துவிட்டால், அந்த வட்டில் உள்ளதெல்லாம் போகும். சிலருக்குப் போகவும் போயிற்று. 2.0.1 என்று திருத்தி வெளியிட்டார்கள்.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் இதற்கு ஓர் உடன்பிறப்பு கிடைத்தது. அதைத் தொடங்கி வைக்கும் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் கோப்பகத்தைக் கண்டுபிடிக்க சிடி கட்டளையை ஓட்டி, விடையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டது. சிடி தோற்றால் மாறி காலி. பின்னால் ஒரு வரியில் அந்த மாறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி, முன்னால் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். மாறி காலியானால் மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும்தான். அதற்குப் பொருள், கணினியில் இருக்கும் எல்லாம். ஸ்டீம் கோப்பகத்தை வேறிடத்துக்கு மாற்றி வைத்த ஒரு பயனருக்கு, வெளியே செருகியிருந்த வட்டு உட்பட அவர் கைக்குள் இருந்த கோப்புகள் அத்தனையும் அழிந்தன. அந்த வரியை எழுதியவரே அதன் மேல் 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பு போட்டு வைத்திருந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை.

எழுதியவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. ஷெல்லில் மாறி என்பது வெறும் எழுத்து வரிசை. அது கட்டளையைச் சென்றடையும் வழியில் ஷெல் அதை இன்னொரு முறை வாசிக்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் வெட்டுகிறது. நட்சத்திரம் கண்டால் விரிக்கிறது. காலியாக இருந்தால் காலியாகவே அனுப்புகிறது. முந்தைய கட்டளை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இதே வேலையைப் பைத்தானில் எழுதியிருந்தால், நடுவில் நான்கு இடைவெளி இருந்தாலும் பெயர் ஒரே பெயர்தான். கோப்பகத்துக்குள் நுழைய முடியாவிட்டால் நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். அழிக்கும் வரிவரை வந்தே சேராது.

மேற்கோள் குறி போடுங்கள், பிழை வந்தால் நிற்கச் சொல்லும் செட் மைனஸ் ஈ வரியை மேலே எழுதுங்கள், ஷெல்செக் கருவியில் ஓட்டிப் பாருங்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். எல்லாம் நல்ல அறிவுரை, நானும் செய்கிறேன். ஆனால் இவையெல்லாம் ஷெல்லுக்கு உள்ளே இருக்கும் ஆபத்துக்கான மருந்து. நான் இன்று பேச வந்தது ஷெல்லுக்கு வெளியே இருக்கும் சிக்கலைப் பற்றி.

கென் தாம்சன் 1971இல் முதல் யூனிக்ஸுக்கு எழுதிய ஷெல்லில் 'இஃப்', 'கோட்டூ' ஆகியவைகூடத் தனித்தனி நிரல்கள். நட்சத்திரக் குறியை விரித்துக் கொடுக்க குளோப் என்று தனியாக ஒரு நிரல் இருந்தது. 1973இல் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் பைப் வந்தது. ஒரு நிரல் கக்குவதை அடுத்தது விழுங்க வழி பிறந்தது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல்தான் இன்றைய பாஷ், டாஷ் எல்லாவற்றுக்கும் மூதாதை. இந்தப் பரம்பரையில் ஷெல்லுக்கென்று சொந்தச் சரக்கு மிகக் குறைவு. கோப்பை நகலெடுக்க சிபி, வரியைத் தேட க்ரெப், மாற்றி எழுத செட் (முன்பு சொன்ன செட் மைனஸ் ஈ அல்ல, இது வேறு), தேதி கேட்க டேட் என எல்லாவற்றுக்கும் அது பிறரைத்தான் கூப்பிடுகிறது. மற்றவர்களை இணைத்து வைப்பதில் அதற்கு நிகரான மொழி இல்லை. அந்த மற்றவர்களோ ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறு ஆட்கள்.

கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் சாமான் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அண்டாவும் கரண்டியும் அங்கே இருக்கும் என்று நம்புவது போலத்தான் ஷெல் ஸ்கிரிப்ட் ஊர் விட்டு ஊர் போகிறது.

செட் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை இருந்த இடத்திலேயே திருத்த மைனஸ் ஐ என்ற விருப்பத்தை லினக்ஸில் எல்லோரும் பயன்படுத்துகிறோம். 1992இல் ஷெல்லுக்கும் கட்டளைகளுக்கும் போசிக்ஸ் தரம் வகுத்தபோது அப்படி ஒன்று அதில் இல்லை. லினக்ஸில் இருக்கும் குனூ செட்டில் மைனஸ் ஐக்குப் பின்னால் பழைய நகலுக்கான பின்னொட்டைச் சேர்த்து எழுதலாம், எழுதாமலும் விடலாம். மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்த செட். அங்கே பின்னொட்டு கட்டாயம். லினக்ஸில் எழுதிய வரியை மேக்கில் ஓட்டினால், நீங்கள் தந்த திருத்த விதியையே அது பின்னொட்டாக எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரைத் திருத்த விதி என்று நினைத்துக் குழம்பும். நடுவில் மைனஸ் ஈ சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறொரு பரிசு: வேலை நடந்துவிடும், ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் பெயரின் கடைசியில் மைனஸ் ஈ ஒட்டிய ஒரு நகல் பிறந்திருக்கும். மேக்கில் ஓடுவதற்காகக் காலி மேற்கோள் குறி போட்டுத் திருத்தினால், அதே வரி லினக்ஸில் உடையும்.

நேற்றைய தேதி வேண்டுமா? குனூ டேட்டில் மைனஸ் டி போட்டு 'நேற்று' என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். மேக்கில் மைனஸ் வி. கோப்பின் அளவு வேண்டுமா? லினக்ஸில் ஸ்டாட் மைனஸ் சி. மேக்கில் மைனஸ் எஃப். லினக்ஸிலும் மைனஸ் எஃப் உண்டு, ஆனால் அது கோப்பை விட்டுவிட்டுக் கோப்பு முறைமையைப் பற்றிப் பேசும். விண்டோஸில் ஃபைண்ட் என்ற பெயரில் இருக்கும் நிரல் கோப்பைத் தேடாது, கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடும். இவ்வளவு ஏன், எக்கோ! கடைசியில் புதிய வரி வேண்டாம் என்று சொல்லும் மைனஸ் என் விருப்பத்தைச் சில ஷெல்கள் மதிக்கும். சில அதையும் சேர்த்துத் திரையில் அச்சிடும். போசிக்ஸ் குழுவே இதில் கைவிரித்துவிட்டு, பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

ஷெல்லே மாறிப்போவதும் உண்டு. 2006இல் உபுண்டு 6.10 பதிப்பில் எஸ்எச் என்று கூப்பிட்டால் பாஷுக்குப் பதிலாக டாஷ் வரும்படி மாற்றினார்கள். கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பது காரணம். பாஷின் தனி வசதிகளைப் பயன்படுத்திக்கொண்டு மேலே எஸ்எச் என்று எழுதியிருந்த ஸ்கிரிப்டுகள் வரிசையாக விழுந்தன. ஆப்பிள் பாஷின் 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்டது. 2009இல் வந்த நான்காம் பதிப்பின் உரிமம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பெயரிட்ட அட்டவணை வைத்து எழுதும் பாஷ் ஸ்கிரிப்ட் இன்றைக்கும் மேக்கோடு வரும் பாஷில் ஓடாது. 2019இல் இயல்பு ஷெல்லையே இசட்எஸ்எச் ஆக்கிவிட்டார்கள்.

கட்டளைகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனை புதிதல்ல. லாரி வால் 1987 டிசம்பரில் பெர்லின் முதல் பதிப்பை வெளியிட்டதற்குக் காரணமே, பல கோப்புகளிலிருந்து அறிக்கை திரட்டும் வேலைக்கு ஆக் என்ற யூனிக்ஸ் கருவி போதவில்லை என்பதுதான். செட் ஸ்கிரிப்டையும் ஆக் ஸ்கிரிப்டையும் பெர்லாக மாற்றிக் கொடுக்கும் கருவிகளையும் அவர் கூடவே கொடுத்தார். 1999இல் டாம் கிறிஸ்டியன்சன் இன்னும் ஒரு படி போனார். கேட், சார்ட், டபிள்யூசி என்று யூனிக்ஸ் கட்டளைகளையே பெர்லில் மறுபடி எழுதும் திட்டத்தைத் தொடங்கினார். பெர்ல் பவர் டூல்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. பெர்ல் மாடியூல்களை விண்டோஸில் நிறுவும்போது திரையில் ஓடும் வரிகளைக் கவனித்தால், ஆர்எம் வர வேண்டிய இடத்தில் பெர்லையே கூப்பிட்டு, எக்ஸ்ட்யூட்டில்ஸ்-கமாண்ட் என்ற மாடியூலிடம் அழிக்கும் வேலையைக் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் இந்த இடம்பெயர்ப்பை நிதானமாகச் செய்து காட்டியவர்கள் என்று நான் சுட்ட விரும்புவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவை. அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் இருபது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு.

போஸ்ட்கிரெஸின் 8.0 பதிப்பு 2005 ஜனவரியில் வந்தது. விண்டோஸில் நேரடியாக ஓடிய முதல் பதிப்பு அது. அதுவரை சிக்வின் என்ற யூனிக்ஸ் சூழலை நிறுவி அதற்குள்தான் ஓட்ட வேண்டும். தரவுத்தளத்தை முதன்முதலாக உருவாக்கித் தரும் இனிட்டிபி அதற்கு முன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். விண்டோஸில் ஷெல் கிடையாதே. அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அந்த மூல நிரலில் ஒரு சிறு செயற்கூறு உண்டு: வரிகளில் ஒரு சொல்லைத் தேடி அதற்குப் பதில் இன்னொன்றை வைப்பது. பழைய ஸ்கிரிப்டில் செட் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதி இவ்வளவுதான், இதற்குத் தேடல் கோவைகள் எதுவும் தேவையில்லை என்ற கருத்தில் மேலே ஒரு குறிப்பு இருக்கும். நான் மாணவர்களுக்கு அடிக்கடி காட்டுவது அந்தக் குறிப்பைத்தான். செட்டை வெளியேற்ற வேண்டும் என்றால் செட் முழுவதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. நம் ஸ்கிரிப்ட் செட்டிடம் உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நான்கு வரியில் முடிகிற வேலையாக இருக்கும்.

2006இல் சோதனைகளை ஓட்டும் ஸ்கிரிப்டும் ஷெல்லை விட்டு சி மொழிக்குப் போயிற்று. 2014இல் 9.4 பதிப்பில் பெர்லில் எழுதும் சோதனைகள் வந்தன. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பதற்கு ஒன்று, கோப்பின் கடைசியில் சேர்ப்பதற்கு ஒன்று, கோப்பகத்தை உள்ளே இருப்பவற்றோடு நகலெடுப்பதற்கு ஒன்று என்று தங்களுக்கு வேண்டிய சிறு செயற்கூறுகளைத் தாங்களே எழுதி ஓரிடத்தில் வைத்துக்கொண்டார்கள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும் கருவியைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் வெகுகாலம் ஷெல்லாகவே கிடந்தது. விண்டோஸுக்காக அதே சோதனையைத் தனியாக இன்னொரு முறை பெர்லில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு நிரல் இருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது இயல்பு. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் இரண்டையும் நீக்கிவிட்டு ஒரே பெர்ல் சோதனையாக்கினார்கள்.

கோப்பைப் படிக்கும் அந்தச் செயற்கூறை ஒருமுறை திறந்து பாருங்கள். கேட் கட்டளைக்கு மாற்று என்றால் திற, படி, மூடு என்று மூன்று வரியில் முடிந்துவிடும் என்று தோன்றும். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொரு நிரல் அதை அழிக்க முடியாது. சோதனை நிரல் பதிவுக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் அந்த நொடியில் சர்வர் அதைத் தொட்டால் சர்வருக்குப் பிழை வரும். அதனால் பிறர் அழிப்பதற்கும் இடம் கொடுத்துத் திறக்கும்படி விண்டோஸின் உள் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மொழியை மாற்றினால் இயங்குதளங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மறைந்துவிடாது; அதைக் கையாள ஓர் இடம் கிடைக்கும். ஷெல்லில் அந்த இடமே கிடையாது.

இன்னொரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஐபிசி-ரன் என்ற ஒரு மாடியூலைத் தவிர, இந்தச் சோதனைகள் ஏறக்குறைய பெர்லோடு கூடவே வருபவற்றை வைத்தே எழுதப்பட்டவை. அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச பெர்ல் பதிப்பும் பழையது. 2023இல் வந்த 16ஆம் பதிப்பில்தான் அதை 5.14க்கு உயர்த்தினார்கள், அந்த 5.14 வெளிவந்தது 2011இல். புதிய வசதி வந்த வாரமே அதைப் பயன்படுத்தத் துடிக்கும் நம் இளைஞர்கள் இந்தப் பொறுமையைக் கவனிக்க வேண்டும்.

இனி பைத்தானுக்கு வருவோம். இங்கே பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுதானே. கட்டளைக்கு நேரான செயற்கூறுகளைப் பட்டியலிட நான் போவதில்லை, கையேட்டில் இருக்கிறது. பட்டியல் சொல்லாததைச் சொல்கிறேன்.

எம்வி என்ற ஒரு கட்டளைக்குள் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது. வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிப்பது. அங்கே ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதுவது. பைத்தானின் ஓஎஸ் மாடியூலில் உள்ள ரீநேம் வட்டு விட்டு வட்டு போகாது, பிழை காட்டும். இலக்கில் கோப்பு இருந்தால் லினக்ஸில் பேசாமல் மேலெழுதும், விண்டோஸில் மறுத்துவிடும். எங்கும் மேலெழுத வேண்டும் என்றால் அதற்கு ரிப்ளேஸ், 3.3 பதிப்பிலிருந்து உண்டு. வட்டு தாண்ட வேண்டும் என்றால் எஸ்எச்-யுட்டில் மாடியூலின் மூவ். எம்வி என்று எழுதும்போது இந்த மூன்றில் எது வேண்டும் என்று நாம் யோசித்ததே இல்லை. மாற்றி எழுதும்போது யோசித்தாக வேண்டும். வேலை கூடுகிறது என்று இதைச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய முடிவை இப்போது எடுக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிபி மைனஸ் ஆர் இன்னும் குறும்புக்காரக் கட்டளை. இலக்குக் கோப்பகம் இல்லையென்றால் அந்தப் பெயரில் உருவாக்கும். இருந்தால் அதற்கு உள்ளே போய் உருவாக்கும். ஒரே ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டினால் கோப்பகத்துக்குள் கோப்பகம். பைத்தானின் காப்பிட்ரீ இலக்கு ஏற்கெனவே இருந்தால் நின்றுவிடும். பரவாயில்லை, மேலே போ என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லும் வசதி 3.8 பதிப்பில் வந்தது. ஆர்எம்ட்ரீ வேறு மாதிரி ஏமாற்றும். விண்டோஸில் படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பைக் கண்டால் அது தடுமாறும். கிட் களஞ்சியத்தின் உள்ளே அப்படிப்பட்ட கோப்புகள் நிறைய.

ஷெல் நமக்குச் சொல்லாமலே செய்துவந்த நன்மைகளும் உண்டு; அவற்றை இழக்கிறோம் என்பது இழந்த பிறகுதான் தெரியும். 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வேதியியலாளர்களுக்காக ஒரு கட்டுரை வந்தது. மூலக்கூறுகளின் காந்த ஒத்திசைவு அளவுகளைக் கணக்கிடும் பைத்தான் ஸ்கிரிப்டுகள் அதனோடு கூடவே வந்தன. பல ஆய்வகங்கள் எடுத்துப் பயன்படுத்தின. 2019இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதையே ஓட்டிப் பார்த்தபோது, ஒரே தரவுக்குக் கணினிக்குக் கணினி வேறு வேறு விடை வந்தது. விண்டோஸ் 10இலும் மேக் மேவரிக்ஸிலும் 173.2. உபுண்டு 16இல் 172.4. மேக் மொஹாவியில் 172.7. காரணம் வேதியியலில் இல்லை. கோப்புகளின் பட்டியலைக் கேட்கும் பைத்தானின் குளோப், கோப்பு முறைமை கொடுக்கும் வரிசையிலேயே தருகிறது, வரிசைப்படுத்துவதில்லை. ஸ்கிரிப்டோ இரண்டு கோப்பு வகைகளை வரிசையை நம்பி ஜோடி சேர்த்தது. ஷெல்லில் நட்சத்திரம் போட்டால் பெயர்கள் எப்போதும் வரிசையாகத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இது தோன்றாது. சார்ட்டட் என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் அந்தக் குழு இதை எழுதிய பிறகு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது.

இதே குளோப் குடும்பத்தில் இன்னும் சில வில்லங்கங்கள். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளை ஷெல் விட்டுவிடும். பைத்தானின் குளோப் மாடியூலும் விட்டுவிடும். 2014இல் வந்த பாத்லிப் மாடியூலின் குளோப் சேர்த்துக்கொள்ளும். பெர்லின் குளோப்போ ஷெல்லின் பழைய நோயைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது. தரும் கோவையில் இடைவெளி இருந்தால் அதையும் வெட்டும்.

நம் மொழிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி ஒன்று உண்டு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அத்தனைக்கும் முதல் பைட் ஒன்றே. குனூவின் டிஆர் கட்டளை எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. பெயர்ப் பட்டியலில் ஆய்த எழுத்தை மட்டும் நீக்கு என்று லினக்ஸில் டிஆர் மைனஸ் டி போட்டுச் சொன்னால், ஆய்தத்தின் மூன்று பைட்டுகளும் எங்கெங்கே வருகின்றனவோ அங்கெல்லாம் நீக்கிவிடும். முதல் பைட் எல்லா எழுத்துக்கும் பொது. பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் உருப்படியாக மிஞ்சாது. அதே கட்டளை மேக்கில் ஒழுங்காக வேலை செய்யும் என்பது கூடுதல் எரிச்சல். பைத்தானிலோ பெர்லிலோ எழுத்தை எழுத்தாகக் கையாண்டு நீக்கலாம்.

அதற்காகப் பைத்தானுக்கு மாறியதும் தமிழ் பிழைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். விண்டோஸில் ஓப்பன் என்று கோப்பைத் திறந்து தமிழில் எழுதிப் பாருங்கள். குறியாக்கம் எது என்று சொல்லாவிட்டால் பைத்தான் விண்டோஸின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு, இந்த எழுத்தை எழுதத் தெரியாது என்று பிழை காட்டும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கம். 3.15 பதிப்பில் யுடிஎஃப்-8ஐ இயல்பாக்க முடிவெடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், குறியாக்கத்தை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

கோப்பின் பெயரே தமிழாக இருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'கொடி' என்று ஒரு பெயர். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் எல்லாப் பெயரையும் பிரித்த வடிவில்தான் சேமித்தன. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பைத் தட்டச்சு செய்த பெயரால் தேடினால், கண்ணுக்கு எதிரே இருந்தும் கிடைக்காது. ஷெல்லில் இதைச் சரிசெய்ய நேர்வழி இல்லை. பைத்தானின் யூனிகோட்டேட்டா, பெர்லின் யூனிகோட்-நார்மலைஸ் இரண்டிலும் ஒரே வரியில் பெயரை ஒருங்கிணைத்துவிடலாம். இரண்டும் மொழியோடு கூடவே வருபவை.

பாதி வழியில் நின்றுவிடுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பைத்தான் கோப்பைத் திறந்தால் உள்ளே பக்கம் பக்கமாக ஓஎஸ் டாட் சிஸ்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஷெல் வரி. இது மாற்றம் இல்லை, வேஷம். வெளி நிரலை ஓட்டத்தான் வேண்டும் என்றால், 2004 முதல் இருக்கும் சப்பிராசஸ் மாடியூலுக்குக் கட்டளையையும் அதன் உறுப்புகளையும் பட்டியலாகக் கொடுங்கள்; நடுவில் ஷெல் வராது. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை பாஷில் வெளிப்பட்டபோது, தங்கள் நிரல் ஷெல்லைக் கூப்பிடுகிறது என்பதே தெரியாமல் பலர் மாட்டிக்கொண்டார்கள். எஸ்எச் டாஷாக இருந்த டெபியன், உபுண்டு கணினிகளில் அந்த வழியாக வந்த பாதிப்பு குறைவு.

சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? கூடாது. மாற்று மொழி அந்தக் கணினியில் இருக்க வேண்டுமே! ஆப்பிள் 2022இல் மேக் ஓஎஸ் 12.3இல் பைத்தான் 2.7ஐ நீக்கிவிட்டது, அதை நம்பியிருந்த ஸ்கிரிப்டுகள் அன்றோடு நின்றன. புதிய விண்டோஸில் பைத்தான் என்று தட்டினால் மொழி வராது, மைக்ரோசாஃப்டின் கடை திறக்கும். டாக்கரில் பலரும் அடித்தளமாக வைக்கும் ஆல்பைன் லினக்ஸில் பைத்தானும் இல்லை, பாஷும் இல்லை. பிஸிபாக்ஸின் சிறிய ஷெல் மட்டும்தான். அங்கே போசிக்ஸ் அளவோடு நிறுத்தி எழுதிய எஸ்எச் ஸ்கிரிப்ட்தான் பெயர்த்தெடுத்துப் போகத் தக்க நிரல். டெபியனில் அடிப்படைப் பெர்ல் பொதி கட்டாயப் பொதிகளில் ஒன்று. ஆகவே அங்கே பெர்லை நம்பலாம். யாருடைய கணினியில் ஓடப் போகிறது என்று தெரியாமல் மொழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

என் கணக்கு இது. மூன்று நிரல்களை வரிசையாக ஓட்டி, ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தருவது மட்டும்தான் வேலை என்றால் ஷெல்லிலேயே விடுங்கள்; பைத்தானில் அது வளவளவென்றுதான் வரும். கோப்புப் பெயர்களை வைத்துச் சுற்று வந்துவிட்டதா, தேதிக் கணக்கு நுழைந்துவிட்டதா, செட்டும் ஆக்கும் ஒரே வரியில் கைகோத்துவிட்டனவா, அன்றே மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். போஸ்ட்கிரெஸ்காரர்களைப் போல எந்த வரி எந்தக் கணினியில் உடைகிறதோ அந்த வரியை முதலில் எடுங்கள். அழிக்கும் வரி இருந்தால் அது உடையும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலைச் சோதிக்கும் கோப்பகத்தில் இன்றே மூன்று கோப்புகளை உருவாக்கி வையுங்கள்: பெயரில் இடைவெளி உள்ளது ஒன்று, ஹைஃபனில் தொடங்குவது ஒன்று, 'கொடி' போல ஒகரம் வரும் தமிழ்ப் பெயர் ஒன்று. ஷெல்லோ பைத்தானோ பெர்லோ, இந்த மூன்றையும் சரியாகக் கையாளாத நிரலை அடுத்தவர் கணினிக்கு அனுப்பாதீர்கள்.